கோடு சாயும் திசை

என் மேசையின்மேல் இரண்டு பட்டு டைகள் அருகருகே கிடக்கின்றன. இரண்டும் கருநீலத்தில் செந்நிறப் பட்டை போட்டவை. அகலமும் நீளமும் ஒன்றே. எட்டி நின்று பார்ப்பவருக்கு ஒரே தறியில் ஒரே கையால் நெய்து இறக்கியவை என்றுதான் தோன்றும். ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுத்தில் கட்டிக்கொண்டு கண்ணாடிமுன் நின்றால், முதலாவதில் பட்டைகள் கட்டியவரின் இடது தோள் பக்கமிருந்து வலது இடுப்பை நோக்கிச் சாய்ந்து இறங்குவதும், இரண்டாவதில் அதற்கு நேர்மாறாக வலது தோள் பக்கமிருந்து இடது இடுப்பை நோக்கி இறங்குவதும் புலப்படும். முன்னது இங்கிலாந்தின் சம்பிரதாயம். பின்னது அமெரிக்காவின் வழக்கம். நான்கு விரற்கடை அகலமுள்ள ஒரு துணித்துண்டில் கோடு இப்படிச் சாய்ந்தால் என்ன, அப்படிச் சாய்ந்தால் என்ன என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அநேக வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்னார் இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று வாய் திறவாமலே அறிவிப்பதற்கும், எந்தக் கூட்டத்தையும் சேராதவர் பொய் சொல்லாமல் அழகாக உடுத்திக்கொள்வதற்கும் மனிதர்கள் கண்ட வழிகளின் சரித்திரம் அந்தச் சாய்வுக்குள் மடிந்து கிடக்கிறது என்பதை அறிந்த பிறகுதான் என் எண்ணம் மாறியது.

ஐரோப்பாவில் பட்டைத் துணிக்கு ஆதியில் நல்ல பெயர் இருக்கவில்லை. 1254-ஆம் ஆண்டில் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி புனிதப் போரிலிருந்து திரும்பியபோது, அவரோடு பாரிஸ் நகருக்கு வந்த கார்மேல் சபைத் துறவிகள் பட்டை போட்ட மேலங்கி தரித்திருந்தார்கள். அவர்களுடைய தவ ஒழுக்கத்தில் யாரும் குறை காணவில்லை. அங்கியின் பட்டையைக் கண்டுதான் தெருவில் ஜனங்கள் பரிகசித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த சச்சரவுக்குப் பிறகு 1287-இல் அந்தச் சபை பட்டை அங்கியைக் கைவிட்டு வெள்ளைக்கு மாறிற்று. 1295-இல் போப்பாண்டவர் எட்டாம் போனிஃபாஸ் எந்தத் துறவற சபையாரும் பட்டைத் துணி உடுத்தலாகாது என்று கட்டளையே பிறப்பித்துவிட்டார். அக்காலத்துச் சித்திரங்களைப் பார்த்தால் கூத்தாடிகளும், விலைமாதரும், தண்டனை பெற்றவர்களும், காட்டிக்கொடுத்த துரோகிகளும் பட்டைத் துணியில் வருவார்கள். பிரெஞ்சுச் சரித்திராசிரியர் மிஷெல் பாஸ்தூரோ இந்த அருவருப்பைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். எது தரை, எது அதன்மேல் எழுதிய உருவம் என்று கண்ணால் பிரித்தறிய முடியாத எதையும் அக்காலத்து மனம் ஐயத்தோடு பார்த்தது என்பது அவர் கூறும் காரணம். ஒதுக்கப்பட்டவர்களின் அடையாளமாக இருந்த ஒன்று, ஆறு நூற்றாண்டுக்குப் பிறகு உயர்ந்த கூட்டத்தார் தம்முள் ஒருவரை ஒருவர் இனங்கண்டுகொள்ளும் அடையாளமாக மாறிற்று என்பது விசித்திரந்தான். ஆனால் நிதானித்துப் பார்த்தால் பட்டையின் தொழில் மாறவேயில்லை. அன்றும் இன்றும் அது ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

டையின் பூர்விகக் கதை பலருக்கும் தெரிந்ததாகையால் அதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவை அலைக்கழித்த முப்பதாண்டு யுத்தத்தில் பிரான்ஸின் பக்கம் நின்று போரிட்ட குரோவாசிய வீரர்கள் கழுத்தில் ஒரு துணியை முடிந்திருந்தார்கள். பாரிஸ் நாகரிகம் அதைச் சுவீகரித்தது. குரோவாசியன் என்னும் பெயரே பிரெஞ்சு வாயில் ‘கிராவாத்’ என்று திரிந்து அந்தத் துணிக்குப் பெயராயிற்று. அதன்பின் இருநூறு ஆண்டுக்காலம் கழுத்துத்துணி என்றால் பெரும்பாலும் வெள்ளைத்துணிதான். லண்டனில் அலங்காரத்துக்குப் பிரமாணமாகத் திகழ்ந்த பிரம்மெல் என்பவர் கஞ்சி போட்ட வெள்ளைத் துணியை மடிப்புச் சரியாக அமையும்வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி அவிழ்த்து எறிவார் என்பார்கள். வெள்ளையின் சுத்தமும் மடிப்பின் நேர்த்தியுமே அன்றைக்குக் கௌரவம். நிறத்துக்கு அங்கே வேலை இல்லை.

நிறம் வந்தது ஆற்றிலிருந்தும் விளையாட்டு மைதானத்திலிருந்துமே. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடுவே தேம்ஸ் நதியில் நடக்கும் படகுப் பந்தயத்துக்காக 1836-இல் கேம்பிரிட்ஜ் அணியார் படகின் முனையில் வெளிர்நீல நாடா ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அன்று முதல் அது அவர்களுடைய நிறமாயிற்று. கரையில் நிற்பவர்களுக்குத் தூரத்தில் வரும் படகு யாருடையது என்று தெரியவேண்டுமே! அந்த அவசியத்திலிருந்து பிறந்ததுதான் கழக வர்ணம் என்னும் சம்பிரதாயம். கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியைச் சேர்ந்த லேடி மார்கரெட் படகுக் கழகத்தார் அணிந்த தீப்பற்றி எரிவது போன்ற சிவப்புச் சட்டையிலிருந்தே ‘பிளேசர்’ என்ற சொல் வந்தது என்று பிரசித்தம். 1845-இல் தோன்றிய ஐ ஸிங்காரி என்னும் கிரிக்கெட் கழகம், தனக்கென்று மைதானம் இல்லாமல் ஊர் ஊராகச் சென்று ஆடியதால் நாடோடிகள் என்று பொருள்படும் இத்தாலியப் பெயரைச் சூட்டிக்கொண்டு, கறுப்பு, சிவப்பு, பொன் ஆகிய மூன்றையும் தன் வர்ணமாக வைத்துக்கொண்டது. இருளிலிருந்து புறப்பட்டு நெருப்பைக் கடந்து ஒளியை அடைவது என்று அவற்றுக்கு அர்த்தமும் கற்பித்தது. நிறங்களை வெறும் நிறங்களாக விட்டுவிட மனிதருக்கு மனம் வருவதில்லை.

இந்த வர்ணங்கள் முதலில் தொப்பியிலும் மேல்சட்டையிலும் இருந்தன. கழுத்துக்கு அவை இறங்கிய கதையாகப் பரம்பரையாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. 1880-இல் ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸிடர் கல்லூரிப் படகோட்டிகள், வைக்கோல் தொப்பியைச் சுற்றியிருந்த கல்லூரி வர்ண நாடாவை அவிழ்த்துக் கழுத்தில் முடிந்துகொண்டார்களாம். அது கண்ணுக்குப் பிடித்துப்போகவே, அதே நிறங்களில் முறையான டைகளைத் தையற்காரரிடம் செய்யச் சொன்னார்களாம். இளைஞர்கள் கையில் கிடைத்ததைக் கழுத்தில் கட்டிக்கொண்டது மிகவும் இயல்பாகவே எனக்குத் தோன்றுகிறது. தொப்பி நாடாவில் கோடுகள் நாடாவின் நீளத்தோடு ஓடும். ஆகவே அந்த முதல் கழுத்துப்பட்டியில் சாய்வு என்பதே இருந்திருக்க நியாயமில்லை. சாய்வு பின்னால் கத்திரிக்கோலோடு வந்தது. அதை அதனிடத்தில் சொல்கிறேன்.

விளையாட்டுக் கழகங்களின் வர்ணத்தைக் காட்டிலும் ஆழமான காரணத்தோடு டைக்கு வந்தது இராணுவத்தின் வர்ணம். பிரிட்டிஷ் படைகளில் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் தனித்தனிக் கொடி, தனித்தனிக் கழுத்து மடிப்பு நிறம், தனித்தனிப் பொத்தான் வரிசை என்று இருந்த காலத்தில், ஒரு சிப்பாய் தான் யார் என்பதை உடம்பெல்லாம் எழுதிக்கொண்டு யுத்தகளத்தில் நின்றான். தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் துப்பாக்கிகள் வந்தபிறகு அந்தச் சிவப்புச் சட்டையே அவனுக்கு எமனாயிற்று. பெஷாவரில் 1846-இல் திரட்டப்பட்ட கைட்ஸ் படைக்கு மண்ணோடு மண்ணாகத் தெரியும்படி புழுதி நிற உடை கொடுத்தார்கள். புழுதி என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததுதான் நாம் இன்றைக்கும் போலீஸ்காரர் சட்டையைக் கண்டு சொல்லும் காக்கி. வடமேற்கு எல்லையில் தொடங்கிய இந்தப் புழுதி நிறம், தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு நடந்த யுத்தத்தின் படிப்பினைக்குப் பிறகு, 1902-இல் பிரிட்டிஷ் இராணுவம் முழுமைக்கும் போருடையாயிற்று.

சட்டைகளெல்லாம் ஒரே புழுதி நிறமாகிவிட்டபிறகு, தலைமுறை தலைமுறையாகச் சிந்திய இரத்தத்தோடு கலந்துபோன அந்த வர்ணங்கள் எங்கே போவது? அணிவகுப்பு உடையில் கொஞ்சம் தங்கின. மீதி, படையை விட்டு வீட்டுக்குப் போன அதிகாரியின் கழுத்தில் வந்து உட்கார்ந்தன என்பது என் அபிப்பிராயம். 1914-இல் தொடங்கிய மகாயுத்தம் முடிந்து லட்சக்கணக்கானோர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது, பாங்கியிலும் கம்பெனியிலும் வேலை தேடிப் போன இளம் அதிகாரிகளுக்கு எஞ்சியிருந்த ஒரே சீருடை அந்த டைதான். காவற்படைகளுக்குக் கருநீலமும் கருஞ்சிவப்பும் சம அகலத்தில். 1918 ஏப்ரலில் பிறந்த விமானப்படைக்கு அவற்றின் நடுவே வெளிர்நீலக் கீற்று. பீரங்கிப்படைக்குச் சாய்கோடே இல்லை, கருநீலத்தின்மேல் மின்னலைப்போல வளைந்து நெளியும் சிவப்பு. ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கழுத்தைப் பார்த்தே, இவர் எந்தச் சேற்றில் எந்தச் சகதியில் நம்மோடு கிடந்தவர் என்று அறிந்துகொண்டு, பேச்சில்லாமல் தலையசைத்துக்கொள்ளும் மனிதர்கள் அன்று இருந்தார்கள். அந்த உரிமை இல்லாத ஒருவன் அதே டையைக் கடையில் வாங்கிக் கட்டிக்கொண்டால், அது அலங்காரப் பிழையாக மட்டும் கருதப்படவில்லை. செத்துப்போனவர்களின் பெயரால் சொல்லும் பொய்யாகவே கருதப்பட்டது. அந்தக் கோபத்தை நான் பரிபூரணமாகப் புரிந்துகொள்கிறேன்.

பள்ளிக்கூட டையைப்பற்றி அவ்வளவு மரியாதையோடு பேச எனக்கு மனம் வரவில்லை. ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் டை, கறுப்பின்மேல் மெல்லிய வெளிர்நீலக் கோடுகள் கொண்டது. அழகில் அதற்கு இணை சொல்வது கடினம். ஆயினும் இங்கிலாந்தில் மந்திரி பதவிக்கும் பாங்கி நாற்காலிக்கும் ஆள் பொறுக்கியபோது திறமையைக் காட்டிலும் இந்தக் கோடுகள் அதிகம் பேசின என்னும் மனத்தாங்கல் வளர்ந்து, ‘பழைய பள்ளிக்கூட டை’ என்னும் சொற்றொடரே ஆங்கிலத்தில் சலுகைக்கும் ஒருதலைப்பட்சத்துக்கும் பெயராகிவிட்டது. யுத்தகளத்தில் சம்பாதித்த நிறமும், தகப்பனார் கட்டிய சம்பளப் பணத்தால் வந்த நிறமும் ஒன்றாகிவிடுமா? கண்ணுக்கு இரண்டும் பட்டைதான். மனத்துக்கு அவை ஒன்றல்ல.

இனி அட்லாண்டிக் கடலைத் தாண்டுவோம். 1818-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் உடைக்கடை, இங்கிலாந்தில் கண்ட நல்ல பொருள்களைத் தன் ஊருக்கு ஏற்றவாறு மாற்றி விற்பதில் கைதேர்ந்தது. போலோ ஆட்டக்காரர்கள் காற்றில் அடித்துக்கொள்ளாதபடி சட்டைக் காலரைப் பொத்தானிட்டு வைத்ததைக் கண்டு அதைப் பொதுவுடையாக்கியதும் அந்தக் கடைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ரெஜிமெண்ட் டையை எடுத்துக்கொண்டது. ஆனால் கோட்டின் சாய்வைத் திருப்பிவிட்டது. இதற்குக் காரணம் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. அந்நாட்டுத் துணிவெட்டுவோர் பட்டுத்துணியை முகம் கவிழ்த்துப் போட்டு வெட்டுவது வழக்கம், அதனால் சாய்வு தானாகவே மாறிற்று என்பார் ஒரு சாரார். பிரிட்டிஷ் படைவீரருக்கு உரிய சின்னத்தை உரிமையற்றவர் அணியும்படி செய்துவிடக்கூடாது என்னும் மரியாதையால் வேண்டுமென்றே திருப்பினார்கள் என்பார் மற்றொரு சாரார். எது எப்படியிருப்பினும் விளைவு ஒன்றே: ஒரே நிறம், ஒரே அகலம், ஆனால் ‘நான் அந்தப் படையைச் சேர்ந்தவன் அல்லன்’ என்பதைக் கோடே சொல்லிவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்றுண்டு. பிரபுக்களின் கேடயச் சின்னங்களைப் பற்றிய சாஸ்திரத்தில், கேடயம் ஏந்தியவரின் வலது தோளிலிருந்து இடப்பக்கம் இறங்கும் பட்டையே நேரான பட்டை. இடது தோளிலிருந்து இறங்குவது புரண்ட பட்டை, முறைதவறிய பிறப்பின் குறி என்று ஜனங்கள் நம்பி வந்தது. ஆக, பழைய கணக்கின்படி பார்த்தால் நேராக இருப்பது அமெரிக்கனின் டை. புரண்டிருப்பது ஆங்கிலேயனின் டை. டை செய்தவர்கள் யாரும் கேடய சாஸ்திரத்தைப் பார்த்துச் செய்யவில்லை என்பதுதான் உண்மை. இதயத்திலிருந்து உடைவாளை நோக்கி இறங்குவதே இங்கிலாந்தின் கோடு என்று அவர்கள் வேறொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

1919-இல் வேல்ஸ் இளவரசர் எட்வர்டு அமெரிக்காவுக்கு வந்தபோது அவர் கழுத்தில் கிடந்த கிரனேடியர் காவற்படையின் நீலச்சிவப்புப் பட்டைதான் அந்நாட்டு இளைஞர்களைக் கிறுக்குப் பிடித்தவர்களாக்கியது என்று உடைச் சரித்திரக்காரர்கள் கூறுவார்கள். பிரின்ஸ்டன், யேல் போன்ற சர்வகலாசாலைகளின் வாசலில் பட்டை டை மாணவரின் நித்திய உடையாயிற்று. பிறகு வக்கீலும் வியாபாரியும் அரசியல்வாதியும் அதைத் தொடர்ந்தார்கள். இங்கிலாந்தில் ஒரு வாசலுக்குள் புகுந்தவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த பொருள் அமெரிக்காவில் விலை கொடுக்கக்கூடிய எவருக்கும் உரியதாயிற்று. இதைக் கீழிறக்கம் என்று பழித்தவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். குமாஸ்தாவின் மகனும் குடியேறி வந்தவனின் மகனும் யாருடைய பெருமையையும் திருடாமல் அந்த நிறங்களின் அழகை அனுபவிக்க ஒரு நேர்மையான வழி திறந்தது. கோட்டைத் திருப்பிய அந்தக் கத்திரிக்கோலுக்கு அதன் புண்ணியம் சேரவேண்டும்.

கத்திரிக்கோலைப் பற்றிச் சொல்வதாக முன்பு வாக்களித்தேன். மேசைமேல் கிடக்கும் டைகளில் பழையதாகிப் பட்டு இற்றுப்போன ஒன்றைத் தையல் பிரித்துப் பார்த்தேன். பின்புறம் நடுவே நெடுக ஓடும் தையல் மிஷின் தையல் அன்று. ஒரே நீண்ட நூலை நெருக்கமின்றித் தளர்த்தியாகக் கையால் ஓட்டி, கடைசியில் அரை விரல் நீளத்துக்கு அந்த நூலையே வளையமாக விட்டிருக்கிறார்கள். கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் இழுபடுகிற பட்டு, அந்த நூலின்மேல் வழுக்கி நீண்டு மறுபடியும் சுருங்குவதற்காகவே இந்த ஏற்பாடு. நூலை உருவியவுடன் டை புத்தகம்போலத் திறந்துகொண்டது. உள்ளே கம்பளி உள்துணி. டைக்குக் கனமும் முடிச்சுக்குச் சதையும் கொடுப்பது இதுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பட்டுத் துண்டுகள் மூன்று: முன்னால் தொங்கும் அகலப் பகுதி, கழுத்தைச் சுற்றும் நடுப்பகுதி, பின்னால் ஒளிந்திருக்கும் குறும்பகுதி. பட்டுத்துணியை உற்றுப் பார்த்தால் பாவும் ஊடையும் டையின் நீளத்தோடு ஓடவில்லை. இரண்டும் அதற்குச் சாய்வாக, நாற்பத்தைந்து பாகையில் ஓடுகின்றன. நம் தையற்காரர்கள் ‘கிராஸ் பீஸ்’ என்று சொல்வார்களே, ரவிக்கைக் கழுத்துக்கு வளைத்துத் தைப்பதற்காகத் துணியைக் குறுக்காக வெட்டியெடுப்பார்களே, அதே வெட்டுதான்.

கிராஸில் வெட்டிய துணி இழுத்தால் கொடுக்கும், விட்டால் திரும்பும். நேராக வெட்டியது கயிறுபோல முறுக்கிக்கொள்ளும். நியூயார்க்கில் டை செய்துவந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் என்பவர் 1920-களில் இப்படி மூன்று துண்டுகளாகக் கிராஸில் வெட்டித் தைக்கும் முறைக்கு உரிமைப் பட்டயம் பெற்றார்; இன்று உலகமெங்கும் தைக்கப்படும் டை பெரும்பாலும் அவர் காட்டிய வழியில்தான் தைக்கப்படுகிறது. பட்டையின் சாய்வுக்கும் இதுவே ரகசியம். தறியில் நெய்யும்போது கோடுகள் சாய்வாக நெய்யப்படுவதில்லை. துணியின் கரையோடு ஒட்டி நேராகவே நெய்யப்படுகின்றன. வெட்டுகிறவர் தன் அட்டையை இந்த மூலையை நோக்கித் திருப்பிவைத்தால் கோடு இங்கிலாந்துக்குப் போகும். அந்த மூலையை நோக்கி வைத்தால் அமெரிக்காவுக்குப் போகும். முழுச் சரித்திரமும் வெட்டு மேசைமேல் அட்டை ஒன்று திரும்புகிற திருப்பத்தில் நிற்கிறது என்பதை அந்தப் பழைய டையை விரித்து வைத்துக்கொண்டு உணர்ந்தபோது, எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

இந்தப் பட்டுத்துணியை நெய்கிறவர்களுக்கும் ஒரு யாத்திரை உண்டு. 1685-இல் பிரான்ஸில் சமய உரிமை பறிக்கப்பட்டு ஊரை விட்டு ஓடிய ஹியூகனாட் நெசவாளர்கள் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் தறி போட்டார்கள். பின்னர் நகரத்துக் கூலி கட்டுப்படியாகாத முதலாளிகள் தறிகளைக் கிராமப்புறத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்படி வளர்ந்த சஃபோக் மாவட்டத்து சட்பரி என்னும் சிற்றூரில் டைப் பட்டு நெய்யும் ஆலைகள் நம் காலம்வரை இயங்கி வந்திருக்கின்றன. பட்டை டைக்கு மிகவும் உகந்தது ‘ரெப்’ என்னும் நெசவு. விரலால் தடவினால் மெல்லிய வரப்புகள் தட்டுப்படும். வழவழப்பான சாட்டின் பட்டில் முடிச்சு வழுக்கும், வெளிச்சம் பட்டால் கண்ணைக் கூசும். ரெப்பில் முடிச்சு பிடித்து நிற்கும், நிறம் அடங்கி ஒளிரும்.

வாங்குகிறவர் முதலில் கடைக்காரரிடம் கேட்டறியவேண்டியது, இது யாருக்கேனும் உரிய வர்ணமா என்பதைத்தான். லண்டன் கடைகளில் இதைக் கேட்டால் மரியாதை கூடுமே தவிரக் குறையாது. அதன்பின் டையின் குறும்பகுதியைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். முறுக்காமல் நேராகத் தொங்கினால் வெட்டு நல்ல வெட்டு. நிறங்கள் இரண்டு போதும். மூன்றாவது வேண்டுமானால் நூலிழைபோல மெலிந்து வரட்டும். கரும்பச்சையோடு கருநீலம், கருஞ்சிவப்போடு கருநீலம், கருநீலத்தோடு மங்கிய பொன் என்பவை நூறாண்டு சோதனையில் தேறியவை. சட்டை வெள்ளையாகவோ வெளிர்நீலமாகவோ இருந்தால் கவலை இல்லை. சட்டையிலும் கோடு இருந்தால், டையின் பட்டை சட்டைக் கோட்டைக் காட்டிலும் நிச்சயமாக அகன்றிருக்கவேண்டும். இரண்டும் ஒரே அகலமானால் பார்க்கிறவர் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தத்தளிக்கும். அந்தி விருந்துக்கும் சாவு வீட்டுக்கும் பட்டை டை பொருந்தாது. அது பகலின் உடை, வேலையின் உடை.

முடிச்சைப்பற்றி வீண் ஆராய்ச்சி வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த இரண்டு பௌதிக அறிஞர்கள் 1999-இல் கணக்குப் போட்டு டைக்கு 85 முடிச்சுகள் சாத்தியம் என்று நிறுவினார்கள். பட்டை டைக்கு அவற்றில் மிகப் பழையதும் எளியதுமான ஃபோர்-இன்-ஹாண்ட் ஒன்றே போதும். அது சற்றே ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். அதை நேராக்க முயலவேண்டாம். தொங்கும் பகுதியின் சாய்கோடுகள் முடிச்சுக்குள் நுழைந்ததும் திசை மாறித் தெரிவதும், முடிச்சே கொஞ்சம் கோணலாக இருப்பதும் சேர்ந்துதான் உயிர்க்களை கொடுக்கின்றன. முடிச்சுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி ஒரு குழி விழச்செய்தால் பட்டைகள் அதன்மேல் நிழலோடு வளைந்து இறங்கும். இரவில் கழற்றும்போது இழுத்து உருவாமல், கட்டிய முறைக்குத் தலைகீழாக ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துத் தொங்கவிட வேண்டும். இஸ்திரிப் பெட்டி அதன் பக்கம் போகவே கூடாது, கிராஸில் வெட்டிய பட்டு விடிவதற்குள் தானே சுருக்கம் நீங்கிக்கொள்ளும்.

நம் மக்களுக்கும் இந்தக் கோட்டுக்கும் மெய்யான உறவு இருக்கிறது. அது யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904 முதல் நடந்து வருகிற கிரிக்கெட் ஆட்டத்தை அங்கே ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்பார்கள். அந்த ஊர்க் கல்லூரிகளின் வர்ணங்கள், போர் மூண்டு மனிதர்கள் உலகெல்லாம் சிதறியபோது, காணி உறுதிகளும் குடும்பப் படங்களும் போன அதே பெட்டிகளுக்குள் கடல் கடந்து போயின. லண்டனில் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் கண்டது இது. மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெரியவர், வெகு நேரமாக வாசல் பக்கம் நின்றிருந்த நடுவயதுக்காரர் ஒருவரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடிந்து எல்லோரும் எழுந்ததும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே அவரிடம் போனார். என் கழுத்தில் இருந்தது வலது தோளிலிருந்து இறங்கும் அமெரிக்கப் பட்டை. அதைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க நியாயமும் இல்லை.

“தம்பி, நீர் எந்த வருசம்?” என்றார் பெரியவர்.

“எண்பத்தேழில ஏ-எல் எடுத்தனான், ஐயா.”

“நான் ஐம்பத்தெட்டு” என்று சொல்லிவிட்டு, அவர் தம் கழுத்துப்பட்டியை மெல்ல வெளியே எடுத்துக் காட்டினார். நிறம் வெளுத்திருந்தது, கோடுகள் இரண்டிலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. இருவரும் சாப்பாட்டுப் பந்திக்குச் சேர்ந்தே போனார்கள்.